யாருடைய பாட்டு, எந்த மேடை: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்துக் கல்லூரி மாணவரின் இசைகேட்டலும் தன்மதிப்பும்

முன்னுரை

இசை கேட்பதால் கல்லூரி மாணவரின் தன்மதிப்பு உயருமா என்ற கேள்விக்கு, நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் கேட்கிறார்கள் என்று எண்ணி விடை காண முயல்வது வழக்கமாகிவிட்டது. மணிக்கணக்கு இந்தக் கேள்விக்கு விடை தராது என்பது இக்கட்டுரையின் வாதம். இசை மனத்தை ஆற்றும். தன்மதிப்பை உயர்த்துவதோ, தான் பிறந்து வளர்ந்த இடத்தின் இசைக்குப் பலர் முன் கிடைக்கும் மரியாதை.

மனநிலையும் தன்மதிப்பும்

தன்மதிப்பை அளக்க உலகெங்கும் பயன்படுவது சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட அளவுகோல். அதில் பத்துக் கூற்றுகள். ஐந்து நேர்மறை, ஐந்து எதிர்மறை. ஒருவர் தம்மை மொத்தத்தில் மதிக்கத்தக்கவராகக் கருதுகிறாரா என்பதே அதன் கேள்வி. ஒரு பாட்டு முடிவதற்குள் மாறிவிடுவது மனநிலை. தன்மதிப்பு ஆண்டுக்கணக்கில் உருவாவது. அரியர் விழுந்த இரவில் பாட்டு கேட்டு ஆறுதலடைந்த மாணவர், தம்மைப் பற்றிய பழைய எண்ணத்தோடேயே மறுநாள் வகுப்புக்கு வரக்கூடும்.

காரணமும் விளைவும் இடம் மாறிவிடும் ஆபத்தும் உண்டு. தன்மதிப்பு குன்றியவர் அடைக்கலம் தேடி அதிகம் கேட்கலாம். தன்னம்பிக்கை மிக்கவர் நண்பர்களோடு கொண்டாடி அதிகம் கேட்கலாம். மணிக்கணக்கில் இருவரும் ஒன்றே. அளவுகோலின் மொழியும் கவனத்துக்குரியது. 53 நாடுகளின் தரவுகளைக் கொண்டு ஷ்மிட், ஆலிக் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, எதிர்மறைக் கூற்றுகள் எல்லாப் பண்பாடுகளிலும் ஒரேவிதமாகப் புரிந்துகொள்ளப்படுவதில்லை என்று காட்டியது. தமிழில் இதைப் பயன்படுத்துவோர் முதலில் சோதிக்க வேண்டியது இதையே.

வழித்தடம் வைக்கும் தேர்வு

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் தொழில் வளாகங்களைச் சுற்றிலும் பொறியியல், கலைக் கல்லூரிகள் நிறைந்துள்ளன. 1985இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இன்று பென்னலூரில் இயங்குகிறது. முதல் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகையும், 2021 முதல் பொறியியல் படிப்புக்கும் விரிந்த 7.5 விழுக்காடு அரசுப் பள்ளி உள்ஒதுக்கீடும், கூலி வேலையும் விவசாயமும் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளை இத்தகைய கல்லூரிகளுக்குக் கொண்டுவந்துள்ளன.

உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் தன்மதிப்பை வெற்றிக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள விகிதமாக வரையறுத்தார். தினமும் ஆலை மதில்களைக் கடந்து வகுப்புக்குப் போகும் மாணவரின் எதிர்பார்ப்பு பெரிது. வெற்றியை அளப்பவையோ கேம்பஸ் இன்டர்வியூவும் ஆங்கிலப் பேச்சும். வேலை என்னும் இந்த அடித்தளம் உறுதியானதும் அல்ல. 2006இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை இழந்தார்கள். வேலையை மட்டுமே நம்பிய தன்மதிப்பு வேலையோடு சரியும். அதற்கு வேறொரு வேர் தேவைப்படுகிறது.

பெருமிதத்தின் ஊற்று

கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கிலிருந்து பெருமிதம் பிறக்கும் என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். இவற்றுள் புகழ் பிறர் தருவது. ஜெர்மானியச் சிந்தனையாளர் ஆக்ஸல் ஹொன்னத் 1992இல் முன்வைத்த கோட்பாடும் இதற்கு அருகில் வருகிறது: ஒருவரின் பங்களிப்பைச் சமூகம் மதிக்கும்போதே அவருக்குத் தன்மதிப்பு முழுமை பெறுகிறது. 1925இல் சுயமரியாதை இயக்கம் பிறந்த மண்ணில் தன்மதிப்பு ஒருபோதும் தனிமனிதச் சிக்கலாக மட்டும் இருந்ததில்லை.

இசையில் இதற்குத் தெளிவான சான்று உண்டு. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து உருவாக்கிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. சாவு வீட்டுப் பாட்டென்று ஒதுக்கப்பட்ட கானா, ராப்போடும் ராக்கோடும் ஒரே மேடை ஏறியது. அக்குழுவின் கானாப் பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஹெட்செட்டில் ஒளித்துக் கேட்ட பாட்டை ஒலிபெருக்கியில் வைக்கும் துணிவு ஒரு மாணவருக்கு வருமானால், அங்கே மாறியிருப்பது ரசனை அன்று. தன் தெருவைப் பற்றிய கூச்சம்.

இரு மறுப்புகள்

குழுப் பெருமை பகையாகத் திரும்பாதா என்று கேட்கலாம். சென்னைப் பேருந்துகளில் தாளம் தட்டிக் கானா பாடிய அதே மாணவர் உலகில்தான் பேருந்துத் தடத்துக்கு ஒரு தலைவர் என்னும் 'ரூட் தல' மோதல்களும் நிகழ்ந்தன. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் அத்தகைய மோதல் அரிவாள் வெட்டு வரை போனது. இதற்குப் பாட்டைக் குற்றம் சொல்வது பிழை. மதிப்பு கிடைக்க வழியில்லாத பெருமை எதிரியைத் தேடுகிறது. தொல்காப்பியம் சொல்லும் நான்கில் எதையும் அடைய இன்னொருவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. கல்லூரி மேடை தர வேண்டியது அத்தகைய பெருமிதத்தை.

தனிமையில் கேட்பதற்குப் பயனே இல்லையா என்பது அடுத்த கேள்வி. நிச்சயம் உண்டு. அறையைப் பலரோடு பகிரும் விடுதி மாணவிக்கு அந்த அரைமணி நேரமே தனக்கென்று உள்ள இடம். அது அவரைத் தாங்குகிறது. உலகம் அவருக்கு இட்ட மதிப்பெண்ணை அது மட்டும் திருத்திவிடாது.

முடிவுரை

ஆய்வின் கேள்விகள் மாற வேண்டும். எவ்வளவு நேரம் என்பதோடு, யாருடைய பாட்டு, யாருடன், எங்கே சத்தமாக வைக்க முடியும், எங்கே தயக்கம் என்று கேட்க வேண்டும். முதலாண்டில் ஒருமுறை, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை என ஒரே மாணவரைத் தொடர்ந்து அளக்க வேண்டும். 1993இல் நிறுவப்பட்டு, 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. இத்தகைய ஆய்வுக்குப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஆய்வு முடியும்வரை கல்லூரிகள் காத்திருக்கத் தேவையில்லை. கல்ச்சுரல்ஸ் விழாவில் பறைக்கும் கூத்துப் பாட்டுக்கும் கானாவுக்கும், மேற்கத்திய இசைக்குழுவுக்குத் தரும் அதே நேரமும் பரிசும் நடுவர் வரிசையும் தரலாம். தன் வீட்டுப் பாட்டுக்கு அவை எழுந்து கைதட்டுவதைக் கண்ட மாணவர், நேர்காணல் அறைக்குள் தலைநிமிர்ந்து நுழைய ஒரு காரணம் கூடுதலாகப் பெறுகிறார். அதைத் தருவது கல்வி நிறுவனத்தின் கடமை.