பாதி ஏரி பச்சை

மென்பொருளில் ஒரு மாற்றம் சரிதானா என்று பார்க்க, பயனர்களில் பாதிப் பேருக்கு மட்டும் அதைக் காட்டுவோம். நன்னீர்ச் சூழலியலாளர் டேவிட் ஷிண்ட்லர் இதை 1973-இல் ஒரு முழு ஏரியில் செய்து பார்த்தார்.

வட அமெரிக்க ஏரிகளில் பாசி மண்டிக்கொண்டிருந்த காலம் அது. சலவைத்தூளில் இருக்கும் பாஸ்பேட்தான் காரணம் என்றார்கள் பலர். இல்லை, கார்பன்தான் என்றது சோப்புத் தொழில். குடுவைச் சோதனைகளால் சண்டை தீரவில்லை. ஒன்டாரியோவில் 1968-இல் தொடங்கிய ஆய்வு ஏரிகளுக்கு ஷிண்ட்லர்தான் தலைவர். 226-ஆம் எண் ஏரியின் குறுகலான இடுப்பில் பிளாஸ்டிக் திரை கட்டினார். இரண்டு பக்கமும் கார்பன், நைட்ரஜன். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம்தான் பச்சையாச்சு. வானிலிருந்து எடுத்த அந்தப் படம், பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் வாதத்துக்குப் பெரிய பலமானது.

1991-இல் முதல் ஸ்டாக்ஹோம் நீர் விருது அவருக்குத்தான். ஆனாலும் 2012-இல் அந்த ஏரிகளுக்கான நிதியை நிறுத்த கனடா அரசு முடிவெடுத்தது. அறிவியலாளர்களும் மக்களும் எதிர்த்தார்கள். 2014-இல் ஒரு தனி நிறுவனம் பொறுப்பேற்றது. ஷிண்ட்லர் 2021-இல் இறந்தார். ஏரிகளில் ஆய்வு இன்னும் நடக்குது.