கரைக்கும் ஊசி பிறந்த கதை

மாரடைப்பு வந்தவருக்குப் போடும் ‘கட்டி கரைக்கிற ஊசி’களில் மூத்தது ஸ்ட்ரெப்டோகைனேஸ். அது ஒரு பொய்த்த கணிப்பில் பிறந்தது.

1933. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்லெட், தொண்டைப்புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜனை இந்தக் கிருமி தன்மேல் ஒட்டிக்கொள்கிறது. எனவே கிருமி கலந்த பிளாஸ்மா உறையாது என்று கணித்தார். உறைந்துவிட்டது! சோதனைக் குழாய்களை ஓரமாக வைத்தார். பிறகு பார்த்தால், கிருமி இருந்த குழாய்களில் மட்டும் உறைந்தது மறுபடி நீராகியிருந்தது.

கரைத்தது கிருமி அல்ல என்பது 1940களில் தெளிவானது. நம் ரத்தத்திலேயே பிளாஸ்மினோஜன் தூங்குகிறது. கிருமியின் புரதமான ஸ்ட்ரெப்டோகைனேஸ் அதைத் தட்டி எழுப்பி, உறைவை நறுக்கும் பிளாஸ்மினாக மாற்றுகிறது. அப்படி எழுப்ப டி.பி.ஏ. என்று உடலிடமே ஒரு புரதம் உண்டு. அதை அடக்கிவைக்க பி.ஏ.ஐ.-1 என்று இன்னொன்றும் உண்டு.

ஆக்சிஜன் குறைந்தால் அடக்குபவன் கை ஓங்குகிறது. 1998இல் வெளியான கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில், குறைந்த ஆக்சிஜனில் வைத்த எலிகளுக்கு டி.பி.ஏ. குறைந்தது, பி.ஏ.ஐ.-1 கூடியது, நுரையீரல் நாளங்களில் ஃபைப்ரின் படிந்தது. உயர மலைகளில் நீண்ட நாள் தங்கும் வீரர்களுக்கு ரத்தக் கட்டி வரும் அபாயம் ஏறக்குறைய 30 மடங்கு என்று இந்திய ராணுவ மருத்துவர்கள் 2001இல் எழுதினார்கள். (பழியை ஆக்சிஜன்மேல் மட்டும் போட முடியாது, குளிர், நீர்வறட்சி, ரத்தம் கெட்டியாவது எல்லாம் கூட்டுக் களவாணிகள்.)

ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியின் மதிப்பை உலகம் ஒப்புக்கொண்டது 1986இல். இத்தாலியில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ‘ஜிஸ்ஸி’ ஆய்வில், வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் 15 லட்சம் யூனிட் மருந்து பெற்றவர்களிடம் மருத்துவமனை மரணம் ஏறக்குறைய பாதியானது. ஆறு மணி நேரம் தாண்டியவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

சண்டிகரின் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் கிரீஷ் சாஹ்னி குழு மரபணு மாற்ற முறையில் இந்த மருந்தை உருவாக்கியது. அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கியது சென்னையின் ஷாசன் நிறுவனம். 2009இல் மருந்து சந்தைக்கு வந்தது.

ரத்தக்கசிவு ஆபத்து உள்ள மருந்து இது, ஈ.சி.ஜி. பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்டில் இருப்பவர்களே, நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டினால் ‘கேஸ்’ என்று சோடா குடித்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.