ஓடை இல்லாத ஊரில் ரேடியேட்டர்

பஸ் பணிமனையில் முப்பது வருடம் கழித்தவன் நான். மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதித்தால் கண்டக்டர் வாளியோடு ஓடை தேடிப் போவார். ஓடையே இல்லாத இடத்தில் என்ன செய்வது? அதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் ரால்ஃப் பாக்னால்ட்.

பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1920களில் எகிப்தில் பணியில் இருந்தபோது, விடுமுறை கிடைத்தால் நண்பர்களோடு சொந்தச் செலவில் காரில் பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவார். கண் வைத்தது எகிப்து, லிபியா எல்லையில் கிடக்கும் பெரும் மணற்கடல் மீது. உள்ளே கிணறு கிடையாது; வண்டி நின்றுபோனால் தேடி வர ஆளும் கிடையாது. எல்லாக் கணக்கையும் புறப்படும் முன்பே போட்டாக வேண்டும்.

எடை கூடினால் வண்டி மணலில் புதையும். புதைந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கும். அதற்காகப் பெட்ரோலைக் கூட்டினால் மறுபடி எடை! அதனால் காரின் மேற்கட்டைக் கழற்றிவிட்டு லேசான மரப்பெட்டியைப் பொருத்தினார்கள்.

தண்ணீர்தான் பெரிய கவலை. மனிதன் குடிக்க வைத்திருப்பதை இஞ்சின் குடித்துவிட்டால்? ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் ஆவியை ஒரு குழாய் வழியே, பாதி தண்ணீர் ஊற்றிய கேனுக்குள் விட்டார்கள். ஆவி அங்கே குளிர்ந்து நீராகும். இஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் அந்த நீரைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இன்று நம் கார் பானட்டைத் திறந்தால் தெரிகிற பிளாஸ்டிக் டப்பா செய்வதும் இதைத்தான். எத்தனையோ டப்பா மாற்றியிருக்கிறேன். பாக்னால்ட் பெயரை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

வண்டியின் இரும்பு காந்தத் திசைகாட்டியைக் குழப்பும். ஆகவே ஊசியின் நிழலைப் பார்த்துத் திசை அறியும் சூரியத் திசைகாட்டி. புதைந்த சக்கரத்துக்கு அடியில் போட, கெய்ரோ பழைய இரும்புக் கடையில் கிடைத்த எஃகுத் தகடுகள். டயரில் காற்றையும் குறைத்துக்கொண்டார்கள்.

1930இல் ஃபோர்டு மாடல் ஏ கார்களில் மணற்கடலைத் தாண்டினார்கள். நான்கு சக்கர இழுவை இல்லாத சாதாரண கார்கள்!

1939இல் அவர் சென்ற ராணுவக் கப்பல் மத்தியதரைக் கடலில் மோதலில் சிக்கியது. எகிப்தில் இறங்க நேர்ந்தது. மறு வருடம் இத்தாலி போரில் குதித்ததும் பாலைவனப் படை ஒன்றைத் திரட்ட அவருக்குக் கிடைத்த அவகாசம் ஆறு வாரம். நியூசிலாந்து வீரர்களோடு செவ்ரலே லாரிகள் கிளம்பின. ஒவ்வொன்றின் முன்புறத்திலும் அதே தண்ணீர் கேன்.