எர்ல் கிரே தேநீர்: பெர்கமோட் மணம் எங்கிருந்து வருகிறது? சுவைத்து ஒப்பிடுவது எப்படி?

புது டெல்லி: நட்சத்திர விடுதிகளிலும் விமானங்களிலும் மட்டுமே கிடைத்துவந்த எர்ல் கிரே தேநீர், இன்று நகரங்களின் பல்பொருள் அங்காடிகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் பல நிறுவனங்களின் பெயர்களில் விற்பனையாகிறது. சாதாரண தேயிலையைவிடப் பல மடங்கு விலை வைத்து விற்கப்படும் பொதிகளும் உண்டு. ஆனால், இந்தப் பெயரைப் பயன்படுத்த எந்தத் தேயிலையை எடுக்க வேண்டும், எவ்வளவு மணம் சேர்க்க வேண்டும் என்று உலகளாவிய வரையறை ஏதும் இல்லை. எனவே, ஒரே பெயர் கொண்ட இரண்டு பொதிகள் முற்றிலும் மாறுபட்ட சுவை தரக்கூடும். பெர்கமோட் மணமூட்டிய தேயிலையின் வரலாறு, வகைகள், சுவைத்து ஒப்பிடும் முறை, கவனிக்க வேண்டிய உடல்நலக் குறிப்புகள் ஆகியவை குறித்து இத்தொகுப்பில் காணலாம்.

எர்ல் கிரே என்பது என்ன?

முழுமையாக நொதித்த தேயிலையுடன் பெர்கமோட் என்ற பழத்தின் தோலிலிருந்து பிழிந்த எண்ணெயையோ, அதன் மணத்தை ஒத்த மணமூட்டியையோ சேர்த்துத் தயாரிப்பதே எர்ல் கிரே. இது ஒரு தேயிலை ரகத்தின் பெயர் அன்று. தோட்டத்தின் பெயரும் அன்று. மணமூட்டும் முறைக்கும் கலவைக்கும் வழங்கிவரும் பெயர் மட்டுமே. இப்பெயர் எவருடைய வணிக முத்திரையும் அன்று என்பதால் எந்த நிறுவனமும் இதனைப் பயன்படுத்த முடிகிறது.

பெர்கமோட் பழம்

பெர்கமோட், எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கசப்பு ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்து உருவான கலப்பினம் இது என்று மரபணு ஆய்வுகள் கூறுகின்றன. பார்வைக்குச் சிறிய நார்த்தங்காய் போலத் தோன்றும். பழுக்கும்போது பச்சை நிறம் மஞ்சளாக மாறும். சாறு புளிப்பும் கசப்பும் மிகுந்தது என்பதால் நேரடியாக உண்பவர்கள் குறைவு. இதன் மதிப்பு முழுவதும் தோலில் உள்ள எண்ணெயில்தான் இருக்கிறது.

உலக உற்பத்தியின் பெரும்பகுதி, இத்தாலியின் தென்கோடியில் உள்ள கலாப்ரியா மாநிலத்தின் ரெஜ்ஜோ கலாப்ரியா கடலோரப் பகுதியிலிருந்து கிடைக்கிறது. அப்பகுதி எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் 2001-ஆம் ஆண்டு பிறப்பிடப் பாதுகாப்புத் தகுதி வழங்கியது. நவம்பர் முதல் மார்ச் வரை அறுவடை நடைபெறும். வெப்பம் பயன்படுத்தாமல் தோலைப் பிழிந்து எண்ணெய் எடுக்கின்றனர். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 200 கிலோ பழம் தேவைப்படும். இயற்கை எண்ணெய் விலை உயர்ந்ததாக இருப்பதற்கும், பல நிறுவனங்கள் மாற்று மணமூட்டிகளை நாடுவதற்கும் இதுவே காரணம்.

இவ்வெண்ணெய் தேநீருக்கு முன்பே வாசனைத் திரவியங்களில் புகழ்பெற்றுவிட்டது. ஜெர்மனியின் கொலோன் நகரில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜியோவன்னி மரியா ஃபரீனா உருவாக்கிய 'கொலோன்' நறுமண நீரில் பெர்கமோட் முக்கிய இடம் பெற்றது. எர்ல் கிரேயை முதன்முறை அருந்துவோர் பலர் 'சென்ட் வாசம் அடிக்கிறது' என்று கூறுவது இதனால்தான்.

வட அமெரிக்காவில் பெர்கமோட் என்றே அழைக்கப்படும் ஒரு பூச்செடியும் உண்டு. புதினா குடும்பத்தைச் சேர்ந்த அச்செடிக்கும் எர்ல் கிரே தேநீருக்கும் தொடர்பு இல்லை.

பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார்?

இரண்டாம் எர்ல் கிரே பிரபுவான சார்லஸ் கிரே, 1830 முதல் 1834 வரை பிரிட்டன் பிரதமராக இருந்தவர். வாக்குரிமையை விரிவுபடுத்திய 1832-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டமும், பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறையை ஒழித்த 1833-ஆம் ஆண்டின் சட்டமும் அவரது ஆட்சியில் நிறைவேறின. சீன வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த ஏகபோக உரிமை முடிவுக்கு வந்ததும் அதே 1833-ஆம் ஆண்டில் நிறைவேறிய மற்றொரு சட்டத்தால்தான்.

அவருக்கும் தேநீருக்கும் இடையிலான தொடர்பு குறித்துப் பல கதைகள் உலவுகின்றன. சீன அதிகாரி ஒருவர் நன்றிக்கடனாக இக்கலவையை அனுப்பினார் என்பது ஒன்று. நார்தம்பர்லாந்தில் உள்ள கிரே குடும்பத்தின் ஹோவிக் மாளிகைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சுவை மிகுந்திருந்ததால், அதை மறைக்க பெர்கமோட் சேர்க்கப்பட்டது என்பது மற்றொன்று. லண்டனின் டுவைனிங்ஸ், ஜாக்சன்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் தாங்களே முதலில் விற்றதாக உரிமை கொண்டாடிவந்தன. கிரே சீனாவுக்குச் சென்றதே இல்லை.

கிடைக்கும் ஆவணங்கள் வேறொரு சித்திரத்தைக் காட்டுகின்றன. மலிவான தேயிலையை உயர்தரத் தேயிலை போலக் காட்டுவதற்கு பெர்கமோட் சேர்க்கும் வழக்கம் 1820-களிலேயே பிரிட்டனில் பேசப்பட்டுள்ளது. பெர்கமோட் மணமூட்டிய தேயிலையை விற்றதாக ஒரு நிறுவனம் 1837-ஆம் ஆண்டு குற்றச்சாட்டுக்கும் உள்ளானது. 'எர்ல் கிரே கலவை' என்ற பெயருடன் கூடிய விளம்பரங்களோ 1880-களில்தான் காணப்படுகின்றன. கிரே காலமானது 1845-ஆம் ஆண்டு. அதாவது, கலப்படமாகக் கருதப்பட்ட ஒரு வழக்கம், அரை நூற்றாண்டில் பிரபுவின் பெயர் தாங்கிய உயர்தரப் பண்டமாக மாறியது. தரம் குறைந்த இலையை மணத்தால் மறைக்க முடியும் என்ற அன்றைய சிக்கல் இன்றும் நீங்கிவிடவில்லை.

அடிப்படைத் தேயிலை: வேறுபாடு இங்கே தொடங்குகிறது

எர்ல் கிரே பொதிகளை ஒப்பிடுவோர் முதலில் கவனிக்க வேண்டியது, மணத்துக்குக் கீழே எந்தத் தேயிலை இருக்கிறது என்பதையே.

* கீமுன்: சீனாவின் அன்ஹுய் மாகாணத்தைச் சேர்ந்தது. மென்மையும் இலேசான புகைத்தன்மையும் கொண்டது. 'அசல்' எர்ல் கிரேயின் அடிப்படை இதுவே என்று விளம்பரங்கள் கூறுவது வழக்கம். ஆனால் கீமுன் கறுப்புத் தேயிலை உற்பத்தி 1875-இல்தான் தொடங்கியது. எனவே பிரதமர் கிரே அருந்தியது இதுவாக இருந்திருக்க முடியாது.

* இலங்கைத் தேயிலை: திம்புலை, ஊவா போன்ற மலைப்பகுதித் தேயிலைகள் தெளிவான நிறமும் துடிப்பான சுவையும் கொண்டவை. பெர்கமோட் எண்ணெயின் முக்கிய மணப்பொருளான லினலூல், ஊவா தேயிலையிலும் இயல்பாகவே மிகுந்துள்ளது. இரண்டும் முரண்படாமல் இணைவதற்கு இது ஒரு காரணம்.

* நீலகிரி: தெளிந்த நிறமும் மலர் மணமும் கொண்டது. குளிரூட்டும்போது எளிதில் கலங்குவதில்லை என்பதால் ஐஸ் டீ வகை எர்ல் கிரேக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறிக்கப்படும் குளிர்கால இலை மணத்துக்குப் பெயர்பெற்றது.

* டார்ஜிலிங்: முதல் பருவ இலை மிக நுட்பமான மணம் கொண்டது. பெர்கமோட் சற்றுக் கூடினாலும் இலையின் இயல்பு மறைந்துவிடும். இத்தகைய பொதிக்கு அதிக விலை கொடுப்பவர்கள், தாங்கள் உணர்வது டார்ஜிலிங்கின் மணத்தையா, எண்ணெயின் மணத்தையா என்று சோதித்துப் பார்ப்பது நலம்.

* அசாம்: கனமும் அடர்நிறமும் கொண்டது. பால் சேர்த்து அருந்த விரும்புவோருக்கு ஏற்றது. மென்மையான தேயிலை பாலில் கரைந்து காணாமல் போகும், அசாம் தாக்குப்பிடிக்கும்.

பதப்படுத்தும் முறையும் முக்கியம். ஆர்த்தடாக்ஸ் முறையில் உருட்டிய முழு இலை மெதுவாகச் சாறு இறங்கி, பல அடுக்குச் சுவை தரும். நாம் அன்றாடம் பயன்படுத்தும் சிடிசி குருணையும், பைகளில் அடைக்கப்படும் தூளும் விரைவில் நிறம் இறங்கிக் கடுமையாகும். அவற்றில் பெர்கமோட் மணம் முன்னே நிற்க, இலையின் சுவை பின்தங்கிவிடும்.

எர்ல் கிரேயின் உறவினர்கள்

'லேடி கிரே' என்பது டுவைனிங்ஸ் நிறுவனத்தின் வணிக முத்திரை. பெர்கமோட்டுடன் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் சேர்ந்த இலேசான கலவை இது, 1990-களில் அறிமுகமானது. ஊதா நிறப் பூவிதழ்கள் கலந்த பிரெஞ்சு வகைகள், எலுமிச்சைத் தோலோ எலுமிச்சைப் புல்லோ சேர்ந்த 'ரஷ்யன் எர்ல் கிரே', வெனிலா மணம் கூட்டிய 'கிரீம்' வகை ஆகியவையும் விற்பனையில் உள்ளன. பூவிதழ்கள் பெரும்பாலும் கண்ணுக்கு விருந்தாகவே அமைகின்றன. சுவையில் அவற்றின் பங்கு மிகக் குறைவு. கனடாவின் வான்கூவரில் தோன்றிய 'லண்டன் ஃபாக்', எர்ல் கிரேயுடன் சூடான நுரைப்பாலும் வெனிலா பாகும் சேர்த்த பானமாகும்.

மணத்தின் அளவு பழகியவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டுவைனிங்ஸ் நிறுவனம் 2011-ஆம் ஆண்டு தனது எர்ல் கிரேயில் பெர்கமோட்டின் அளவைக் கூட்டி, எலுமிச்சை மணமும் சேர்த்தது. வாடிக்கையாளர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவிக்கவே, பழைய கலவையையும் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவர நேர்ந்தது.

வீட்டில் சுவைத்து ஒப்பிடும் முறை

தேயிலையைச் சுவைத்து மதிப்பிட ஐஎஸ்ஓ 3103 என்ற பன்னாட்டுத் தரமுறை உள்ளது. 100 மில்லி லிட்டர் நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிட ஊறல் என்பது அதன் விதி. குறைகளை வெளிக்கொணர்வதே அதன் நோக்கம் என்பதால், அருந்துவதற்கு அச்சாறு கடுமையாக இருக்கும். வீட்டில் 3 முதல் 4 நிமிடம் போதுமானது. ஒப்பிடும்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. எல்லாப் பொதிகளுக்கும் ஒரே தண்ணீர், ஒரே எடை, ஒரே நேரம் இருக்க வேண்டும். வெள்ளை நிறப் பீங்கான் கோப்பைகளைப் பயன்படுத்தினால் நிறத்தை ஒப்பிடுவது எளிது.

2. மணமூட்டாத நல்ல தேயிலை ஒன்றையும் வரிசையில் வைக்க வேண்டும். அதை முதலில் சுவைத்தால்தான் பெர்கமோட் எதைக் கூட்டுகிறது, எதை மறைக்கிறது என்பது தெரியும்.

3. உலர்ந்த இலை, ஊறிய இலை, சாறு ஆகிய மூன்றையும் தனித்தனியே முகர வேண்டும். உலர்ந்த இலையில் மணம் மிகுந்து, சாற்றில் எதுவும் இல்லையெனில், மணம் மேற்பூச்சாக மட்டுமே இருக்கிறது என்று பொருள்.

4. சாற்றைக் காற்றுடன் சேர்த்து ஓசை எழ உறிஞ்ச வேண்டும். தொழில்முறைச் சுவைஞர்கள் செய்வதும் இதுவே. மணம் தொண்டை வழியாக மூக்கை அடைய இது உதவும்.

5. வெதுவெதுப்பாக ஆறிய பின் மீண்டும் ஒருமுறை சுவைக்க வேண்டும். சூட்டில் மறைந்திருக்கும் கசப்பும் சோப்பு போன்ற வாடையும் அப்போது வெளிப்படும்.

6. எந்தக் கோப்பை எந்த நிறுவனத்தினுடையது என்பதை மற்றொருவர் மட்டும் அறிந்திருக்கட்டும். விலையும் பெயரும் நாவை எளிதில் ஏமாற்றும்.

நல்ல எர்ல் கிரேயில் பழத்தோலின் புத்துணர்வு முதலில் தோன்றி, பின்னர் தேயிலையின் துவர்ப்பும் இனிமையும் நிலைத்து நிற்க வேண்டும். மணம் மட்டும் எஞ்சி, தேயிலைச் சுவையே இல்லையெனில், அக்கலவையில் சமநிலை இல்லை எனலாம்.

நம் ஊர் முறையில் கொதிக்க வைக்கலாமா?

பாலும் சர்க்கரையும் சேர்த்து அடுப்பில் கொதிக்கவிடும் முறை எர்ல் கிரேக்குப் பொருந்தாது. பெர்கமோட் எண்ணெயின் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகக்கூடியவை. தேநீர் கொதிக்கும்போது சமையலறை மணக்கும், கோப்பையில் மணம் குறையும். கொதித்த நீரை இலையின்மீது ஊற்றி, மூடிவைத்து ஊறவிடுவதே சரி. விரும்புவோர் இறுதியில் சிறிது பால் சேர்க்கலாம். எலுமிச்சையையும் பாலையும் ஒருசேரச் சேர்த்தால் பால் திரிந்துவிடும்.

இதே காரணத்தால், பொதியைத் திறந்த பின் காற்றுப்புகாத கலனில், வெளிச்சம் படாமல் வைத்து, விரைவில் பயன்படுத்திவிட வேண்டும். பிற தேயிலைகளுடன் சேர்த்து வைத்தால் அவையும் இம்மணத்தை ஏற்றுவிடும்.

பொதியில் என்ன பார்க்க வேண்டும்?

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, மணமூட்டிய தேயிலையை அவ்வாறே குறிப்பிட்டு விற்க வேண்டும். மணமூட்டிகள் இயற்கையானவை, இயற்கையை ஒத்தவை, செயற்கையானவை என மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எனவே, முன்பக்கத்தில் அச்சிட்ட பழத்தின் படத்தைவிட, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள உட்பொருள் பட்டியலே நம்பகமானது. பெர்கமோட் எண்ணெய் என்று இருக்கிறதா, மணமூட்டி என்று மட்டும் இருக்கிறதா, தேயிலை எப்பகுதியைச் சேர்ந்தது என்று கூறப்பட்டுள்ளதா, பொதியிட்ட தேதி என்ன ஆகியவற்றைச் சரிபார்ப்பது நல்லது. இயற்கையை ஒத்த மணமூட்டி அனுமதிக்கப்பட்டதே. ஆனால் அதற்கு இயற்கை எண்ணெயின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

உடல்நலக் குறிப்புகள்

பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டன் என்ற வேதிப்பொருள் உள்ளது. எண்ணெயைத் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால், புண்ணும் கருமையும் ஏற்படக்கூடும். ஆகவே, அழகுசாதனங்களில் பெர்காப்டன் நீக்கிய எண்ணெய் பயன்படுத்தப்படுகிறது. வாசனை சிகிச்சைக்காக விற்கப்படும் எண்ணெயை வாங்கி வீட்டிலேயே தேநீரில் கலப்பதைத் தவிர்க்க வேண்டும்.

நாளொன்றுக்கு 4 லிட்டர் வரை எர்ல் கிரே அருந்திவந்த 44 வயது நபருக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட்டதாகவும், அதை நிறுத்தியபின் குணமானதாகவும் 'லான்செட்' மருத்துவ இதழ் 2002-ஆம் ஆண்டு செய்தி வெளியிட்டது. பெர்காப்டன் காரணமாக இருக்கலாம் என அதில் கூறப்பட்டது. இது தனிநபர் ஒருவரின் நிகழ்வு. இரண்டு அல்லது மூன்று கோப்பை அருந்துவோர் அஞ்சத் தேவையில்லை. எனினும், எர்ல் கிரேயிலும் மற்றத் தேநீரைப் போலவே காஃபின் உண்டு என்பதையும், உணவுடன் சேர்த்து அருந்தும் தேநீர் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். இரத்தசோகை உள்ளவர்கள் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.