சிதறால் மலையில் பகவதி

சிதறால் குகையை யாரும் குடையவில்லை. மார்த்தாண்டத்துக்கு அருகே, பெரும்பாறையொன்று இன்னொன்றின்மேல் கவிழ்ந்து நின்றதால் தானாக அமைந்த நிழல் அது. முகப்பில் தூண் மண்டபம் எழுப்பிக் கோயிலாக்கியிருக்கிறார்கள். உள்ளே மகாவீரர், பார்சுவநாதர், பத்மாவதி. வெளிப்பாறையில் முக்குடைக்கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். சிலரின் காலடியில், செதுக்குவித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் இது பகவதி கோயிலானது. சமணரைத் துரத்திவிட்டு அம்மனை வைத்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. அம்மன் அதற்கு முன்பே அங்கே இருந்தாள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பேராயிற்குடி அரட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள் திருச்சாரணத்து மலையின், அதாவது இதே சிதறால் மலையின், படாரியாருக்குப் பொன் அணிகள் கொடுத்ததைச் சொல்கிறது. கொடுத்தவர் பெண் துறவி, பெற்றவள் பெண் தெய்வம். திருச்சாரணத்துக் குரத்திகளின் பெயர் கழுகுமலைச் சமணக் கல்வெட்டுகளிலும் வருவதால், இது மூலையில் ஒதுங்கிக் கிடந்த மடமும் அல்ல. தீர்த்தங்கரர் வேண்டுதலுக்கு இரங்குவதில்லை. நோய்க்கும் பிள்ளைக்கும் நேர்ந்துகொள்ளப் பத்மாவதி போன்ற இயக்கிதான் வேண்டும். மலையடிவார மக்கள் பத்மாவதியிடம் கேட்டதையே பிறகு பகவதியிடமும் கேட்டிருப்பார்கள்.

மதுரையில் சமணரைக் கழுவேற்றிய கதையைக் காட்டி இதை மறுக்கலாம். அது சைவ நூல்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட கதை. அதை இந்தப் பாறையின்மேல் ஏற்றிவைக்க இங்கே தடயம் இல்லை. விரட்ட வந்தவன் முதலில் உளியை எடுத்து முகங்களைச் சிதைத்திருப்பான். இங்கே பார்சுவநாதரின் பாம்புப்படமும், இன்னொரு இயக்கியான அம்பிகையின் காலடிச் சிங்கமும் பார்த்ததும் அடையாளம் தெரிகின்றன. சிலை தப்பியதாலேயே ஆட்களும் தப்பினார்கள் என்று ஆகுமா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. ஆகாது. குரத்திகளின் மரபு அற்றுப்போனது, அது பேரிழப்புதான். ஆனால் கொடையாளிகளின் கைகள் வேறு பக்கம் திரும்பினாலே ஒரு மடம் வற்றிவிடும். அதற்கு வாள் வேண்டியதில்லை. மேலும், இந்த வட்டாரத்தில் சமணர் ஒரேயடியாக மறைந்துவிடவுமில்லை. நாகர்கோவில் நாகராஜா கோயிலில், 16ஆம் நூற்றாண்டு வேணாட்டு அரசன் பூதலவீர உதயமார்த்தாண்டன் காலத்துக் கல்வெட்டுகள் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணர்களைப் பெயர்சொல்லிக் குறிக்கின்றன. சிதறால் பகவதியின் இடமாகி ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்தும் அரச ஆவணத்தில் அவர்களுக்கு இடம் இருந்தது.