தேள் கொடுக்கும் பறவையும்: படத்தில் அம்பேத்கர்

செர்டாங் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்குச் சாதிப் பாகுபாட்டை எப்படிச் சொல்வது? மலாயாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் சாதி பார்த்து லயம் பிரித்த கதை பாட்டிமாருக்குத் தெரியும், பேசத்தான் தயக்கம்.

அங்கே கைகொடுப்பது 2011இல் இந்தியாவில் வெளிவந்த ‘பீமாயணா’. அம்பேத்கரின் வாழ்க்கையைக் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் வரைந்திருக்கிறார்கள். பள்ளியில் சிறுவன் பீமராவ் தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது. பியூன் திறந்துவிட வேண்டும். அவர் இல்லையென்றால் தாகம்தான்.

புண்படுத்தும் பேச்சு தேள் கொடுக்கு வைத்த குமிழியிலும், கனிவான பேச்சு பறவை வடிவக் குமிழியிலும் வருகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகூட எது கொட்டுகிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடும். 1927 மார்ச் 20இல் மகாட் குளத்தில் அதே பீமராவ் நீர் அருந்தும் கட்டம் வந்ததும் சற்று நிறுத்தி, “உன் வகுப்பில் யாராவது தனியாக உட்காருகிறார்களா?” என்று கேட்டுப் பார்க்கலாம்.