யூரியேஸும் இரண்டு நிக்கல் அணுக்களும்

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயிற்று எரிச்சலுக்காக எண்டோஸ்கோபி செய்துகொண்டாராம்.

"உள்ளேயிருந்து துளியூண்டு சதை எடுத்து, மஞ்சளா இருந்த ஒரு ஜெல்லுல வெச்சாங்க சார். கொஞ்ச நேரத்துல ரோஸ் ஆயிடுச்சு. கிருமி இருக்குன்னு மாத்திரை எழுதிட்டாங்க. அது யூரியேஸ் வேலைதானே?" என்றார்.

"அதேதாம்ப்பா" என்றேன். சொல்லும்போதே மனசுக்குள் சுருக்கென்றது. 1978-இல் இவருடைய வகுப்பில் யூரியேஸ் பற்றி நான் நடத்தியதில் ஒரு பிழை உண்டு. அதைத் திருத்தாமலேயே அந்த வகுப்பை அனுப்பிவிட்டேன். அந்தக் கதையை அன்று அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

யூரியேஸ் ஒரு நொதி. யூரியாவை உடைத்து அம்மோனியாவும் கரியமில வாயுவும் ஆக்குவது அதன் வேலை. வயலில் போடும் யூரியா பயிருக்கு உதவும்படி மாறுவதும், கழுவாத கழிப்பறையில் மூக்கைத் துளைக்கும் நெடி வருவதும் இதனால்தான். வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இதை ஏராளமாகச் சுரக்கிறது. இதில் உண்டாகும் அம்மோனியாவைக் கொண்டுதான் இரைப்பை அமிலத்தைச் சமாளித்து உயிர் பிழைக்கிறது. நண்பரின் ஜெல்லில் யூரியாவும் ஒரு நிறங்காட்டியும் இருந்தன. அம்மோனியா காரம் அல்லவா, அதனால் நிறம் மாறியது.

இந்த யூரியேஸை முதலில் படிகமாகப் பிரித்தெடுத்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர். 1887-இல் பிறந்தவர், இடக்கைப் பழக்கம் உள்ளவர். 17 வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பாய்ந்து அந்த இடக்கையையே இழந்தார். ஒரு கையோடு வேதியியலில் ஜெயிக்க முடியாது, சட்டம் படி என்று ஹார்வர்டில் பேராசிரியர் ஓட்டோ ஃபோலின் புத்தி சொன்னார். சம்னர் கேட்கவில்லை. 1914-இல் அங்கேயே முனைவர் பட்டம் வாங்கினார்.

1917-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலையைத் தொடங்கினார். நம் வாளவரைக்கு உறவான ஜாக் பீன் விதையில் யூரியேஸ் அதிகம். அதை மாவாக்கி, எதெதிலோ கரைத்து, வடிகட்டி, ஒன்பது வருஷம் போராடினார். 1926-இல் தண்ணீர் கலந்த அசிட்டோனில் கரைத்து வடிகட்டிக் குளிர வைத்தபோது, நுண்ணோக்கியில் சின்னச் சின்ன எண்முகப் படிகங்கள் தெரிந்தன. சோதித்துப் பார்த்தால் அவை புரதம்.

நொதி என்பது புரதமே அல்ல என்று அப்போது ஜெர்மனியின் வில்ஷ்டேட்டர் சொல்லிவந்தார். அவர் 1915-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் பேச்சுக்கு முன்னால் சம்னரின் பேச்சு எடுபடவில்லை. 1930-இல் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கிய பிறகுதான் காற்று திசை மாறியது. 1946-இல் சம்னருக்கு நோபல் கிடைத்தது.

இதை வைத்துத்தான் நான் வகுப்பில், "யூரியேஸ் வெறும் புரதம். அதில் உலோகம் ஏதும் கிடையாது" என்று நடத்தினேன். கையில் இருந்த பழைய புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் 1975-லேயே ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பர்ட் செர்னரின் குழு வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தது. சாதாரணப் புரதம் 280 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். 320-ஐத் தாண்டினால் வரைகோடு தரையோடு படுத்துவிட வேண்டும். நன்றாகத் தூய்மை செய்த யூரியேஸின் நிறமாலையிலோ கோடு படுக்கவில்லை, வால் போல நீண்டுகொண்டே போனது. ஏதோ அழுக்கு என்று தள்ளிவிடாமல், உலோகம் இருக்குமோ என்று தேடினார்கள். ஒவ்வொரு வினைமையத்துக்கும் இரண்டு நிக்கல் அணுக்கள் இருந்தன. நிக்கல் உள்ள நொதி என்று உலகம் அறிந்த முதல் நொதி அதுதான். சம்னரின் படிகம் பிறந்து 49 வருஷம் ஆகியிருந்தது. அவர் 1955-லேயே காலமாகிவிட்டார்.

எனக்கு உறுத்துவது இதுதான். காலையில் நிறமாலையியல் வகுப்பில் இந்த 280 கணக்கைக் கரும்பலகையில் எழுதியவனும் நான்தான், மதியம் யூரியேஸில் உலோகம் இல்லை என்று சொன்னவனும் நான்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. எண்பதுகளில் புதிய பதிப்பு ஒன்று வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

சம்னர் தவறு செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். நொதி புரதம்தான் என்றார், அது சரியே. நுண்ணிய அளவு உலோகத்தை எளிதில் அளக்கும் அணு உறிஞ்சு நிறமாலை முறையை ஆலன் வால்ஷ் அறிவித்ததே 1955-இல்தான். "வேறொன்றும் இல்லை" என்ற வாலை ஒட்டவைத்தவர்கள் பாடம் எழுதியவர்களும் என்னைப் போல் நடத்தியவர்களும்தான்.

1995-இல், சம்னர் உழைத்த அதே கார்னெலில், ஒரு பாக்டீரியா யூரியேஸின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டார்கள். இரண்டு நிக்கல் அணுக்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. சம்னர் எடுத்த அந்த ஜாக் பீன் யூரியேஸின் வடிவம் எங்கே தீர்க்கப்பட்டது தெரியுமா? நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், ஜி.என். ராமச்சந்திரன் வளர்த்த படிகவியல் துறையில். 2010-இல் அந்த ஆய்வு வெளியானது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் சிரித்தார். "நானும் முப்பது வருஷம் அதையேதான் சார் பசங்களுக்குச் சொன்னேன். உங்க நோட்டைப் பார்த்துத்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, "இரண்டு நிக்கல் அணுக்கள் உண்டு" என்று எழுதிக்கொள்ளுங்கள்.